மண் தடத்துக்கு வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த 'அட்வென்ச்சர்' பைக் பட்டியல், வண்டிகளைக் குதிரைத்திறன் வாரியாக வரிசைப்படுத்தியிருந்தது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கு அந்த வரிசை சரி. ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கமிருந்து ஜவ்வாது மலைக்குள் பிரியும் மண் தடங்களில் ஓட்ட நினைப்பவருக்கு அது கிட்டத்தட்டத் தலைகீழ் வரிசை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது எடை.

மண் தடத்தில் வண்டி விழும். நன்றாக ஓட்டத் தெரிந்தவரிடமும் விழும். சரளை உருளும் ஏற்றத்தில், ஒரு பக்கம் சரிவாக இருக்க, ஹேண்டில் பள்ளத்தைப் பார்த்துக் கிடக்கும் 196 கிலோ ஹிமாலயன் 450-ஐ ஒற்றை ஆளாக நிமிர்த்திப் பார்த்தவருக்குத்தான் அந்த எண்ணின் அர்த்தம் தெரியும். இரண்டு தடவை நிமிர்த்தினால் மூன்றாவது தடவைக்கு இடுப்பு ஒத்துழைக்காது. 160 கிலோவுக்குள் இருக்கும் வண்டி என்றால் பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்து, மேட்டுப் பக்கமாகத் திருப்பி, பிறகு தூக்கலாம். ஹிமாலயனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போக அது அருமையான வண்டி. அது பயண வண்டி, தட வண்டி வேறு.

எடை கேட்கும்போது பெட்ரோல், ஆயில் நிரப்பிய எடையைக் கேளுங்கள். சில விளம்பரங்களில் வறட்டு எடையைப் போடுவார்கள். அதற்கு மேல் இரும்பு கார்டு, கேரியர், பெட்டி என்று மாட்டினால் பத்துப் பதினைந்து கிலோ சத்தமில்லாமல் ஏறிவிடும். மலை ஊர்க்காரர்கள் சாமை மூட்டையோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் ஸ்ப்ளெண்டரிலும் ஏறி இறங்கும் தடத்துக்குத்தான் நாற்பது குதிரைத்திறன் வேண்டும் என்று சமவெளியிலிருந்து போகிறவர்கள் அடம்பிடிக்கிறார்கள்.

அடுத்தது ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று. எடை குறைவு என்பதற்காகப் போட்டி மைதானத்துக்கென்று விற்கும் டர்ட் பைக் பக்கம் போய்விடாதீர்கள். கவாசாகி கேஎக்ஸ் வரிசை, கேஎல்எக்ஸ் 140 போன்றவை 100 கிலோவை ஒட்டியே இருக்கும். ஆனால் அவற்றைப் பதிவு செய்ய முடியாது. பெயரில் குழப்பமும் உண்டு. கேஎல்எக்ஸ் 230 நம்பர் போட்டு ஓட்டக்கூடியது. அதே 230-உடன் 'ஆர்' எழுத்து சேர்ந்து வருவது மைதான வண்டி. "மண் ரோட்டில்தானே ஓட்டப் போகிறேன்" என்ற சமாதானம் சட்டத்தில் செல்லாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(34), பொதுமக்களுக்குப் போக உரிமையுள்ள எந்த வழியையும் பொது இடம் என்றே சொல்கிறது. ஊருக்கு ஊர் போகும் ஒற்றையடிப் பாதையும் அதில் அடக்கம். பிரிவு 39 பதிவையும் பிரிவு 146 மூன்றாம் நபர் காப்பீட்டையும் கட்டாயமாக்குகின்றன. பதிவில்லாத வண்டி யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் சொத்திலிருந்துதான் போகும். பதிவான வண்டியிலும் கைவைக்க எல்லை உண்டு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓசை கூடிய சைலன்சரைத்தான் முதலில் பிடிப்பார்கள். அது மலையில் ஒரு பயனும் தராது என்பது வேறு விஷயம்.

சக்கரத்துக்கு வருவோம். முன்சக்கரம் 21 அங்குலமும் பின்சக்கரம் 18 அங்குலமும் இருப்பது தடத்துக்குச் சரியான ஜோடி. பெரிய முன்சக்கரம் கல்லின் மீது மோதி நிற்காமல் ஏறிப் போகும். பின்னால் 17 அங்குலம் இருந்தாலும் ஓட்டலாம், ஆனால் அந்த அளவில் நல்ல பட்டன் டயர் (மண்ணைப் பற்றும் ரப்பர் குமிழ்கள் உள்ள டயர்) கிடைப்பது குறைவு. ஸ்போக் வீல்தான் வேண்டும். கல்லில் அடிபட்டால் ஸ்போக் வீல் நெளியும், தட்டி நேராக்கிக்கொண்டு வீடு சேரலாம். அலாய் வீல் விரிசல் விட்டால் அங்கேயே முடிந்தது. சுசூகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் நல்ல இன்ஜின், 167 கிலோ; ஆனால் 19 அங்குல அலாய், தரை இடைவெளி 205 மி.மீ. மண் ரோடு வரை தாராளமாகப் போகலாம், பாறைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இந்தக் கணக்கில் நம் ஊருக்கு முதலில் நிற்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ். 200 4வி என்றால் சுமார் 160 கிலோ, தரை இடைவெளி 220 மி.மீ., 21-18 ஸ்போக் வீல், ஆயில் கூலிங். ரேடியேட்டர் இல்லாததால் கல்பட்டுத் தண்ணீர் ஒழுகும் கவலை இல்லை. சிறிய ஊர் மெக்கானிக்கும் கைவைப்பார். புதிய 210-இல் வலு கூடுதல், ஆறு கியர், எடை சுமார் 170. ரேடியேட்டர் உண்டு, அதற்கு முன்னால் வலைக் காப்பு மாட்டாமல் மலை ஏறக்கூடாது. கேஎல்எக்ஸ் 230 எடையில் 139 கிலோதான், தடத்தில் அதன் சுகமே தனி. ஆனால் இருக்கை உயரம் 880 மி.மீ., டேங்க் 7.6 லிட்டர். மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் நிரப்பியே ஆக வேண்டும். வாங்குமுன் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்றும் கேட்டுவிடுங்கள். கேடிஎம் 390 எண்டூரோ ஆர் 177 கிலோ, 399 சிசி. புதிதாகக் கற்பவர் கையில் அந்த வலு சரளையில் பின்சக்கரத்தைச் சுழற்றிவிடும்.

இருக்கை உயரத்தை ஷோரூமின் வழவழப்பான தரையில் செருப்போடு உட்கார்ந்து பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். தடத்துக்குப் போடும் பூட்ஸோடு போங்கள். இரண்டு பாதமும் தட்டையாக ஊன்ற வேண்டியதில்லை; ஒரு காலின் முன்பாதம் உறுதியாக ஊன்றினால் 825 மி.மீ. வண்டியைச் சமாளிக்கலாம். உயரம் பற்றாதவர் பின் ஷாக்கை இணைக்கும் லிங்க்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துவது தவறு. தரை இடைவெளி போய்விடும், வளைவில் திரும்பும் குணமும் மாறிவிடும். சீட் தைப்பவரிடம் கொடுத்து ஸ்பாஞ்சை 20 மி.மீ. செதுக்கிக்கொள்ளுங்கள், அது போதும். உட்கார்ந்து பார்த்த பிறகு ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றும் பாருங்கள். முதுகு வளைந்தால் ஹேண்டிலை உயர்த்தும் கட்டை போட வேண்டியிருக்கும்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விஷயத்தில் ஒரு விளக்கம். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம், சாலையில் உயிர் காப்பது. சரளை இறக்கத்தில் மட்டும் பின்சக்கர ஏபிஎஸ் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவதால் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பூட்டிய சக்கரமோ முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். ஆகவே பின் ஏபிஎஸ்ஸை சுவிட்சில் அணைக்கக்கூடிய வண்டி, அல்லது முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டி பாருங்கள். ஃபியூஸைப் பிடுங்கும் வித்தை வேண்டாம். முன்சக்கரத்துக்கும் சேர்ந்து போய்விடும், திரும்ப மாட்ட மறந்து நெடுஞ்சாலையில் ஏறுவார்கள்.

வண்டி விலையைப் பேசும்போதே இன்னொரு 20,000 முதல் 30,000 ரூபாயை ஒதுக்கி வையுங்கள். இன்ஜினுக்கு அடியில் கனமான தகடு, உள்ளே உலோகப் பட்டையுள்ள கைக்காப்பு, டயர், தடித்த ட்யூப் ஆகியவற்றுக்கு அது போகும். பிளாஸ்டிக் கைக்காப்பு காற்றைத்தான் தடுக்கும், பிரேக், கிளட்ச் லீவரைக் காப்பாற்றாது. லீவர் பிடிப்பை இறுக்கி முறுக்காமல், விழும்போது சற்றே சுழலும்படி விட்டால் லீவர் உடைவது குறையும். மாற்றுக் கிளட்ச் கேபிள் ஒன்றை ஓடும் கேபிளோடு சேர்த்தே டேப் சுற்றி வைத்துவிட்டால் அறுந்த இடத்தில் ஐந்து நிமிட வேலை.

வடாற்காட்டில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் பாறை அல்ல, முள். பாலாற்றங்கரை முதல் மலை அடிவாரம் வரை சீமைக்கருவேலம். அதன் முள் சாதாரண ட்யூபை ஒரே குத்தில் முடித்துவிடும். ஸ்போக் வீல் என்றால் பெரும்பாலும் ட்யூப்தான், அதனால் 3 மி.மீ. அல்லது 4 மி.மீ. தடிமனுள்ள ட்யூப் போடுங்கள். காற்று விஷயம் அதைவிட முக்கியம். சாலையில் கம்பெனி சொன்ன அளவு. சரளையிலும் செம்மண்ணிலும் 18 முதல் 20 பிஎஸ்ஐ. பாலாற்று மணலில் 15 வரை இறக்கலாம், மெதுவாகப் போனால். அதற்கும் கீழே இறக்கினால் இரண்டு தொல்லை வரும். கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது டயர் ரிம்மின் மீதே வழுக்கிச் சுழன்று, வால்வைக் கழுத்தோடு அறுத்துவிடும். டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக் போட்டால் இரண்டாவது தொல்லை தீரும். போடாதவர்கள் வால்வின் கீழ் நட்டை ரிம்மில் இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து ஏற்றி வைக்க வேண்டும். டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும், அறுவதற்குள் சரிசெய்யலாம்.

மாற்று ட்யூப் ஒன்று மட்டும் எடுத்துப் போக இடமிருந்தால் 21 அங்குல ட்யூபை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பின் 18-க்குள்ளும் அதை அடக்கி ஊர் சேரலாம்; 18-ஐ முன்னால் போட முடியாது. மூன்று டயர் லீவர், பம்பு, ஒட்டும் சாமான், செயின் லிங்க், 10, 12, 14 ஸ்பேனர் சேர்ந்தால் கிட் முடிந்தது. அரக்கோணத்தில் பெரிய டயர் தொழிற்சாலையே இருக்கிறது; ஆனாலும் 21 அங்குல பட்டன் டயர் எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முழுப் பட்டன் டயர் தார் ரோட்டில் வேகமாகத் தேயும், ஈரத்தில் வழுக்கும். தடத்துக்குப் போய்ச் சேரவே நெடுஞ்சாலையில் ஓட வேண்டியவர்களுக்குப் பாதிப் பட்டன் டயர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் பட்டன் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். அப்போது எந்த டயரும் மொட்டை டயர்தான்.

ஏற்றத்தில் கிளட்சைப் பாதி பிடித்து இழுத்துக்கொண்டே போவது புதியவர்களின் பழக்கம். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. லூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேட் எப்போதும் வழுக்கிக்கொண்டே தேயும். முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்து, 13-க்கு 12 போட்டால் இழுவை சுமார் 8 சதவீதம் கூடும், கிளட்சுக்கும் நிம்மதி. நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் கத்தும். செயினை ஆள் உட்கார்ந்த நிலையில் பார்த்து லூஸ் வையுங்கள். இறுக்கமான செயின் பள்ளத்தில் ஷாக் அமுங்கும்போது கியர்பாக்ஸ் பேரிங்கை இழுத்துக் கெடுக்கும். ஷாக்கின் பிரிலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) திருகி, ஆள் ஏறியதும் மொத்த அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி வைத்துக்கொண்டால் போதும்.

பெங்களூரில் கைமாறும் தட வண்டிகள் அதிகம். வேலூர்க்காரர்கள் அங்கே போய் வாங்குவதும் அதிகம். கேஏ நம்பர் வண்டி என்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, கடன் நிலுவை இல்லை என்ற குறிப்பு இரண்டும் கைக்கு வராமல் முழுப் பணம் தரவேண்டாம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதாக இருந்தால் டிஎன் பதிவுக்கு மாற்றி, வரியும் கட்ட வேண்டும். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வண்டியில் பார்க்க வேண்டியவை: ஹேண்டிலுக்குக் கீழே சேஸிஸ் கழுத்தில் வெல்டிங் ஓரம் பெயின்ட் வெடிப்பு, ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி (அது ஆயில் சீலைத் தின்றுகொண்டே இருக்கும்), பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆட்டம், ஸ்பேனரால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும் ஸ்போக். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். வடிகட்டிக்கு உட்பக்கம் மண் இருந்தால் பிஸ்டன் வரை மண் போயிருக்கிறது என்று பொருள், அந்த வண்டி வேண்டாம்.

கடைசியாக, எங்கே ஓட்டுவது. ஜவ்வாது மலையில் ஊர்ப் பாதை எங்கே முடிந்து காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பது புதியவர்களுக்குத் தெரியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பிரிவு 21-இன்படி குற்றம், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தாலும் வழக்கு வரலாம். பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லையோரக் காடுகளில் யானை நடமாட்டமும் உண்டு. தடங்கள் பிரியும் இடங்களில் வனத்துறை தமிழில் பலகை வைத்து, எது மக்கள் பாதை, எது நுழையக்கூடாத பாதை என்று எழுதிவைக்க வேண்டும். அதுவரை அடிவாரத்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பட்டறை நடத்தும் வாசகர்,
காட்பாடி