இங்கே அனுப்புகிறவரும் கூட வருவார்

கோலாலம்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கு அத்தானும் பிள்ளைகளும் நலமா? உன் பழைய மாணவன் இங்கே வேலைக்கு வருகிறான், ஆங்கிலத்தில் எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். இலக்கணம் நீ நடத்தியதே போதும். 'சென்ட்' என்ற வினைச்சொல்லை மட்டும் இன்னொரு முறை எடுத்துச் சொல். தமிழில் எழுதும்போது அனுப்புகிற சென்ட், அனுப்பிய சென்ட், நிலம் அளக்கிற சென்ட், அத்தான் சட்டையில் அடித்துக்கொள்கிற சென்ட் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. நான் சொல்வது முதலாவதை.

உன் பாடத்தில் அனுப்புகிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார். கடிதமோ பணமோ ஆளோதான் போகும். பின்னால் 'ஃபார்' வந்தால் ஆள் விட்டு அழைப்பது. 'அப்' வந்தால் பிரிட்டனில் கேலி செய்வது என்றும் பொருள். இங்கே நிலைமை வேறு. எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது. சாயங்காலம் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கினால், கணக்குப் பிரிவில் இருக்கும் சீன அம்மா கைப்பையில் கார் சாவியைத் துழாவியபடியே "ஐ சென்ட் யூ லா" என்பார். பின் இருக்கையில் கிடக்கும் மகனின் பள்ளிப் பையையும் காலித் தண்ணீர்ப் பாட்டிலையும் ஒரு பக்கம் ஒதுக்கி இடம் பண்ணி, நம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

காரணம் மலாய் மொழி. அதில் 'ஹந்தார்' என்ற ஒரே சொல் கடிதத்தை அனுப்புவதற்கும், பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதற்கும் பொருந்தும். நாம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம். 'இக்குட்' என்ற மலாய்ச் சொல்லும் அப்படித்தான். பின்தொடர்வது, கூட வருவது இரண்டும் அதில் அடக்கம். அதனால் "யூ வான்ட் டு ஃபாலோ?" என்று யாராவது கேட்டால் அதே காரில் ஏறிக்கொள்ளலாம், பின்னாலேயே வாடகைக் கார் பிடித்துப் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசல்களில் காலையில் 'சென்ட்', பிற்பகலில் 'ஃபெட்ச்'. இந்த இரண்டாவது, போய் அழைத்துவருவது என்ற அகராதிப் பொருளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒரு பொருள் இன்ன விலைக்குப் போனது என்பதற்கும் அதே வினை உண்டு என்று அவனிடம் சொல்லிவை.

நீ இதையெல்லாம் சிவப்பு மையால் சுழிப்பாய். நான் சுழிக்க மாட்டேன். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒருவரையொருவர் தடுமாறாமல் புரிந்துகொள்கிற ஆங்கிலத்தை எப்படிப் பிழை என்பது? எழுத்தில்தான் கவனம் வேண்டும். வாடிக்கையாளரை விமான நிலையத்துக்கு 'சென்ட்' செய்தேன் என்று லண்டனுக்கு எழுதினால், இவன் வண்டி பிடித்து ஏற்றிவிட்டதோடு சரி என்றுதான் அங்கே நினைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 'டேக்' அல்லது 'டிராப்' என்று எழுதட்டும்.

விமான நிலையத்தின் முதல் முனையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல். பிரிக்ஃபீல்ட்ஸ் அதை ஒட்டியே இருக்கிறது, நான் வந்து நிற்கிறேன். விமான எண்ணை மறக்காமல் எழுது. போனில் சொல்வதானால் சீக்கிரமே கூப்பிடு. அங்கே இரவு 10 மணி என்றால் இங்கே 12.30.

அன்புடன்,
தம்பி