தம்பியின் காலைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

மேலூர்ப் பக்கம் ரோட்டோர வயலில் பைக்கோடு விழுந்த என் தம்பி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து, அதில் வயல் சேறு அப்பிக் கிடந்த கால் அது. இதற்குக் காரணமான எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலில் அந்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் வைக்க விடவில்லை. எலும்பை உள்ளே தள்ளவும் விடவில்லை. துவைத்து வைத்திருந்த வேட்டியால் மூடினார்கள். கட்டுப் போடும் இடத்துக்குத் தூக்கிப் போகலாம் என்று யாரோ சொன்னபோது, "எலும்பு வெளிய தெரியுது, எண்ணெய்க் கட்டுக்கு இது அடங்காதுய்யா, 108-க்குப் போனைப் போடு" என்று அதட்டிய அம்மாவை மறக்கவே முடியாது.

பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவில் இருந்த சிஸ்டருக்கு என்ன சொல்வது? எக்ஸ்ரே எடுக்கலையா என்று நான் பதறினேன். "படம் அப்புறம் எடுக்கலாம்மா. எலும்பு வெளிய வந்துட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் உள்ள போகணும். எந்த மருந்தாவது இவருக்கு ஒத்துக்காதா?" என்று கேட்டுக்கொண்டே ஊசியை ஏற்றினார். ஏற்றிய நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டார். அந்தக் கோடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்கோடு ஜென்டாமைசின் என்ற இன்னொன்றும் எதற்கு என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இப்படித் தோல் கிழிந்த எலும்பு முறிவுகளைக் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற மருத்துவர்கள் 1976-இல் வகை பிரித்த முறைப்படி இது மூன்றாம் வகையாம், அதாவது மிகக் கடுமையானதாம். அதற்கு ஒரு மருந்து போதாதாம். வயல் மண்ணில் காற்றில்லாமலே பெருகும் கிருமி இருக்கும் என்பதால் பென்சிலினும் சேர்த்தார்கள், டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசியும் போட்டார்கள். மருந்து மட்டும் போதாது, அழுக்கும் செத்த சதையும் உள்ளே இருந்தால் எந்த ஊசியும் எடுபடாது என்றார். தியேட்டரில் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஊற்றிக் கழுவி, வெளியே கம்பி பூட்டி எலும்பை நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள் தசையும் தோலும் வைத்துக் காயத்தை மூடினார்கள். மறுநாளே ஆன்டிபயாடிக்கை நிறுத்தியபோது, இன்னும் பத்து நாள் போடுங்கள் என்று நாங்கள் கெஞ்சினோம். "தேவைக்கு மேல போட்டா மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும்" என்று உறுதியாக மறுத்த டாக்டருக்குத் தனி நன்றி. கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பதைவிட இதுதான் பெரிய அக்கறை.

108-இல் வந்த தம்பிகள், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், கட்டு மாற்றும்போதெல்லாம் கையுறை மாற்றிய வார்டு ஊழியர்கள், எல்லோருக்கும் நன்றி. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, விபத்தில் அடிபட்டவர்களுக்கான அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசமாக நடந்ததால் நாங்கள் நகையை அடகு வைக்கவில்லை.

கம்பியை எடுத்ததும் தம்பியே நேரில் வந்து உங்களையெல்லாம் பார்ப்பான்.

அன்புடன்,
அவனுடைய அக்கா