டிராகனும் அத்தானும்

திருகோணமலை

அன்புள்ள வசந்தா,

நீ அனுப்பிய பார்சல் மாசியிலேயே வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை மாதம் நன்றிகூடச் சொல்லாமல் இருந்ததற்கு நீ எப்படித் திட்டுவாய் என்பது எனக்கு மனப்பாடம். அதை எழுதித் தபால் செலவைக் கூட்டாதே. சொக்லேட் பிள்ளைகளுக்குப் போனது, தைலம் என் முழங்காலுக்கே போதவில்லை. கச்சான் காற்று அடித்துக் கிணற்றைக் கீழே இறக்கிவிட்டது. கோட்டை மான்கள் இப்போது எங்கள் தெருவரை வந்து, கேட் திறந்திருந்தால் உள்ளேயும் நுழைகின்றன. மொட்டை மாஸ்டர் நலம். இன்னமும் யாரைக் கண்டாலும் இலக்கணம் கேட்கிறார். ஊர்ச் செய்தி தீர்ந்தது.

இனி நான் எழுதவந்த விஷயம். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு டிராகன் படம் பார்த்தோம். சிரிக்காதே. நெல்சன் தியேட்டரில் கதாநாயகிக்குக் காய்ச்சல் என்றதற்கே மூக்கைச் சிந்தியவள் நீ. உனக்குச் சிரிக்க உரிமை இல்லை.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த அக்காவின் சின்னவள்தான் அந்தப் படத்தைக் கொண்டுவந்தாள். ரஷ்யப் படம், 2015இல் வந்தது. "அவன் ஒரு டிராகன்" என்பது பெயர். இயக்கியவர் இந்தார் ஜெந்துபாயெவ், அவருக்கு அது முதற்படமாம். சொந்த நாட்டில் பெரிதாக ஓடவில்லை; அடுத்த ஆண்டு சீனாவில் திரையிட்டபோது அதைவிட அதிகமாகச் சம்பாதித்தது. பேச்செல்லாம் ரஷ்ய மொழி, கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலும் அவ்வளவு வேகமாக வாசிக்க முடியாது. ஆகவே சின்னவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தான் அந்தப் பக்கம் கதிரையைப் போட்டுப் பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

கதையைச் சொல்கிறேன், நீ எப்படியும் பார்க்கமாட்டாய். முற்காலத்தில் ஒரு குளிர்நாட்டு ஊர். டிராகனுக்குப் பயந்து அந்த ஊரார் கன்னிப் பெண்களைப் படகில் கிடத்தி, ஒரு பாட்டைப் பாடி, தண்ணீரில் தள்ளி அனுப்புகிறார்கள். பாட்டுக் கேட்டால் அது வரும், தூக்கிக்கொண்டு போகும். தன் காதலியைப் பறிகொடுத்த ஒரு வீரன் தேடிப்போய் அந்த டிராகனைக் கொன்றுவிடுகிறான். அத்தோடு பயம் ஒழிந்தது. பாட்டு மட்டும் ஒழியவில்லை! காலம் போகப் போக அதே பாட்டு, அதே படகு, அதே வெள்ளை உடுப்பு எல்லாம் கலியாணச் சடங்குக்கு வந்துவிடுகின்றன. அந்த வீரனுடைய பேரன் இகோர்தான் மாப்பிள்ளை. அரசனின் இளைய மகள் மிரா மணப்பெண். பெண்ணைப் படகில் கிடத்தி ஊரே கூடிப் பாடுகிறது. டிராகன் வந்துவிடுகிறது.

அந்த இடத்தில் அக்கா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். துருவலையில் உட்கார்ந்தபடியே, கையில் பாதி மூடியோடு, "அறிவில்லாத சனங்கள், அதை ஏன் பாடினார்கள்?" என்று சத்தமாகக் கேட்டாள். படத்தில் வரும் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அன்று இரவு சம்பல் இல்லாமலே பாண் சாப்பிட்டோம்.

டிராகன் தூக்கிக்கொண்டு போன தீவில் மிரா ஒரு குழிக்குள் அடைபட்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு இளைஞனின் குரல் கேட்கிறது. அவனும் தன்னைப்போலச் சிறைப்பட்டவன் என்று நினைத்துப் பேசத் தொடங்குகிறாள். அவன்தான் அந்த டிராகன். பெயர் அர்மான். டிராகன் குலத்தில் பெண் கிடையாது. கடத்தி வந்த பெண்ணைக் கல்லில் கிடத்தி எரித்து, அந்தச் சாம்பலிலிருந்துதான் அடுத்த டிராகன் பிறக்குமாம். அவனும் அப்படிப் பிறந்தவன். அந்தப் பிறப்பை வெறுத்து, தனக்குள் இருக்கும் மிருகம் வெளியே வந்துவிடாதபடி ஒளிந்து வாழ்கிறான்.

எனக்குப் படம் பிடித்ததற்குக் காரணம் இதுதான், வசந்தா. அர்மானின் முன்னோர் செய்த கொலையைப் படம் பூசி மெழுகவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் உண்மையாகவே எரிந்தார்கள், அந்த ஊரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் பேரனும் மகனுமாக இரண்டு ஆண்கள் வருகிறார்கள் பார். ஒருவன் ஒரு கோழியைக்கூட வெட்டாமல் பாட்டன் கொன்ற டிராகனின் புகழில் மாப்பிள்ளை ஆகிறான். மற்றவன் ஒருத்தியையும் எரிக்காமல் தகப்பன் செய்த பாவத்தைத் தலையில் சுமந்துகொண்டு குகையில் கிடக்கிறான். யாரை நல்லவன் என்பது, யாரைக் கெட்டவன் என்பது என்று ஊர் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டது.

குறையும் சொல்லவேண்டும். அந்த டிராகன் பையன் அளவுக்கு மிஞ்சிய அழகு. அப்படியொருவன் குகையில் இருந்தால் ஒளவையாரே இரண்டாம் முறை யோசித்திருப்பார். பிறகு, தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் பெண் செய்யும் முதல் காரியம் என்ன தெரியுமா? உடைந்த கப்பல்களிலிருந்து சாமான் பொறுக்கி, திரை கட்டி, வீட்டை ஒழுங்குபடுத்துவது! எந்த நாட்டுக்குப் போனாலும் துடைப்பம் நம் கைக்கே வந்து சேர்கிறது.

மூலக்கதை மரீனா, செர்கேய் தியாச்சென்கோ என்ற தம்பதியர் எழுதிய "சடங்கு" என்ற நாவலாம். கீவ் நகரத்தவர்கள், கணவர் மனநல மருத்துவராக இருந்தவர், மனைவி நாடக நடிகையாக இருந்தவள். அந்த நாவலில் வரும் இளவரசி அழகியே இல்லை, டிராகன் வேறொருத்தியைத் தூக்க வந்து தவறுதலாக அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று சின்னவள் சொன்னாள். அதை அப்படியே எடுத்திருந்தால் நான் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன், தப்பினாய்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். எனக்குப் பாதிப் படத்தில் புரிந்தது. சின்னவள் அத்தனை பக்தியாக மொழிபெயர்த்தது அக்காவுக்காக இல்லை. ஒவ்வொரு வரியையும் சொல்லிவிட்டுக் கடைக்கண்ணால் பத்திரிகைப் பக்கம் பார்த்தாள். பத்திரிகையோ அரை மணி நேரமாக மரண அறிவித்தல் பக்கத்திலேயே நின்றது.

பையன் கந்தளாய். சிங்களவன். தகப்பன் அங்கே முன்பிருந்த சீனித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். இவளோடு ஒரே அலுவலகம். "வணக்கம் சித்தி, சுகமா?" என்று தொலைபேசியில் என்னிடம் பேசினான், அதற்கு மேல் தமிழ் ஓடவில்லை, ஆனால் அந்த "சித்தி"யை யாரும் சொல்லிக் கொடுக்காமல் சொல்லியிருக்க முடியாது. எத்தனை காலமாக நடக்கிறது என்று கேட்டேன். பதிலாகச் சிரித்தாள். அக்காவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தேங்காயை வைத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வி படத்தைப் பற்றியது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தானை நான் பழைமைவாதி என்று சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. அவருடைய தம்பி காலையில் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். அவன் பெயரை இன்றுவரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கந்தளாய்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அவர் ஜன்னலைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் அந்தப் பையன் பொறுப்பா என்று கேட்டால் இல்லை. இல்லை என்று அறிவுக்குத் தெரிவதும் நெஞ்சு ஒத்துக்கொள்வதும் ஒன்றா? அவனுக்கு அப்போது பிறப்பே இல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வருகிறது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

மறுநாள் நானும் சின்னவளும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது அந்தத் தூணைப் பார்த்து, "பிரான்சினா குதித்தது இங்கேதானே சித்தி?" என்றாள், ஒரு மாதிரி குரலில். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒல்லாந்தப் பெண் காதலனின் கப்பல் போவதைப் பார்த்து 1687இல் சுவாமி மலையிலிருந்து பாய்ந்தாள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதற்குப் பிறகும் அவள் இன்னொரு கலியாணம் செய்து வாழ்ந்ததாக ஒல்லாந்தர் பதிவுகள் இருக்கின்றன என்பதையும் சொல்வார்கள், ஆனால் மெதுவாக. "பாயவில்லை, போய்ப் பிழைத்துக்கொண்டாள். நீ கதை கட்டாதே" என்றேன். நாம் பத்தாம் வகுப்பில் அந்தத் தூணடியில் செய்த சத்தியத்தை அவளிடம் சொல்லவில்லை, பயப்படாதே.

பிறகு அவளை இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினேன். படத்தின் முடிவைத்தான் சொன்னேன். மிராவை இகோர் திரும்பக் கொண்டுவந்து, மறுபடியும் கலியாணம் வைத்து, மறுபடியும் படகில் கிடத்துகிறார்கள். முதல்முறை ஊர் பாடிய அதே பாட்டை இம்முறை அவள் தானே வாயைத் திறந்து பாடுகிறாள். தகப்பனும் மாப்பிள்ளையும் ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, டிராகனை அவளே கூப்பிடுகிறாள். எரிந்தாலும் எரியட்டும் என்றுதான் போகிறாள். அவன் எரிக்கவில்லை. "உனக்குப் பிடித்த படத்தில் அவள் வேறொருவர் வாயால் பாடவைக்கவில்லையே, நீ ஏன் ரஷ்யாக்காரரைப் பிடித்துத் தகப்பனிடம் அனுப்புகிறாய்? நாளைக்கு என்னை அனுப்புவாய், பிறகு வசந்தா அன்ரியை அனுப்புவாய்" என்றேன். முகம் சிவந்துவிட்டது. உன்னை அனுப்பும் யோசனை ஏற்கெனவே இருந்திருக்கிறது!

தீபாவளிக்கு வரும்போது தானே பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவர் கத்துவார். கத்தினால் பரவாயில்லை, பேசாமல் எழுந்து போய்விட்டால்தான் எனக்குப் பயம். அப்போது நான் அந்த வீட்டில் இருப்பேன், அக்கா பக்கம் நிற்பேன். அக்கா எந்தப் பக்கம் நிற்பாள் என்பது இன்னும் தெரியவில்லை.

ஆகவே உன்னிடம் ஒரே ஒரு காரியம். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை நீ அத்தானுக்குத் தொலைபேசி எடுப்பாய், எனக்குத் தெரியும். சின்னவள் உனக்கு எழுதியிருந்தாலும், இனி எழுதினாலும், அவரிடம் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லாதே. நல்லது செய்கிறேன் என்று நுழையாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அங்கே குளிரா என்று கேட்பார். குளிர் என்று சொல். பிறகு அவருடைய சீனி வருத்தத்தைப் பற்றி விசாரி, அது அவருக்குப் பிடித்த விஷயம், முக்கால் மணி நேரம் ஓடும்.

இப்படிக்கு,
உன் ராணி