தாகம் அடங்காத பெரியவர்

தருமபுரி

அன்பு மகள் செல்விக்கு,

ஜப்பானில், ககோஷிமாவில் உன் வார்டில் இருக்கும் பெரியவருக்கு எச்.டி.எல்.வி-1 வைரஸால் வந்த இரத்தப் புற்றுநோய், இடுப்பில் வலி, ஓயாத தாகம், நாலு நாளாய் மலமே போகவில்லை, பகலிலும் தூக்கம் என்று எழுதியிருக்கிறாய். கண்ணு, இன்றைக்கே கால்சியம் பார்க்கச் சொல்.

இடுப்பு வலி என்றால் நம் பென்னாகரம் பக்கம் போர்வெல் தண்ணீர் புளோரைடுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது எலும்பைத் தடிக்க வைக்கும். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். இந்தப் புற்று அதற்கு நேர்மாறு. எலும்பு அரித்துக் கறுப்புக் கறுப்பாய் ஓட்டை விழும். ஓட்டையே விழாமல் கால்சியம் மட்டும் ஏறுகிறவர்களும் உண்டு.

வைரஸ் தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குள்தான், அதுவும் பல பத்தாண்டு கழித்து, டி-செல் (ஒரு வகை வெள்ளை அணு) புற்றாகிறது. அந்தச் செல்கள் ரேங்க்-எல் என்ற புரதத்தால் எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைக் கிளப்பிவிடும். இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும் இன்னொரு புரதத்தையும் சுரக்கும். எலும்புக் கால்சியம் இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. உடம்பு வற்றும், வற்ற வற்ற கால்சியம் இன்னும் ஏறும்.

ரிப்போர்ட்டில் கால்சியம் 10.4 என்று இருந்தால் நார்மல் என்று விட்டுவிடாதே. கால்சியத்தில் ஒரு பங்கு ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும்; அந்த ஆல்புமின் 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் இங்கே 0.8 கூட்டுவோம், ஜப்பானில் 1 கூட்டுவார்கள். ஆல்புமின் 2.5 என்றால் நம் கணக்கில் 11.6, உங்கள் கணக்கில் 11.9. இரண்டுமே அதிகம்தான்.

முதலில் சலைன். பிறகுதான் எலும்பு அரிப்பதைத் தடுக்கும் சொலெட்ரானிக் அமிலம்: சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டு, 4 மில்லிகிராம், 15 நிமிஷத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் சிறுநீரகம் கெடலாம். அந்த மருந்து முழுதாய் வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு நாள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க, கால்சியத்தைச் சீக்கிரம் இறக்கும் கால்சிடோனின் போடுவார்கள். சொத்தைப் பல் இருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்; ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகலாம். எலும்பு வலிக்கென்று வீட்டார் கால்சியம், வைட்டமின் டி மாத்திரை கொடுக்கிறார்களா என்றும் கேள். நம் ஊரிலும் முதலில் அதைத்தான் வாங்குவார்கள். இவருக்கு அது விஷம்.

அந்த வைரஸ் தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. தாய்ப்பால், உடலுறவு, இரத்தம், இவற்றால்தான் பரவும். ஊசி போட்டதும் மூடியை மாட்டப் பார்க்காதே, அப்படியே டப்பாவில் போட்டுவிடு.

அம்மா