ஓட்டுக்குப் பின்னால் வந்த பள்ளிக்கூடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததை நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. "உங்கள் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்கள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள்? அதை எப்படி ஜனநாயகம் என்பது?" என்று உன்னோடு வேலை பார்க்கிறவர் கேட்டாராம். அதே மேசையில் இன்னொருத்தர், இந்தியர்கள் எல்லோரும் கணக்கில் புலிகள், கூகுளையே உங்கள் ஆள்தானே நடத்துகிறார் என்றாராம். இரண்டுக்கும் சிரித்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன் என்று சொன்னபோது உன் குரல் இறங்கிப்போனது. போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்டவர் மேல் கோபம் வேண்டாம். முதலில் படிப்பு, அப்புறம் ஓட்டு என்ற வரிசையில் வளர்ந்த நாட்டில் இருந்து கேட்கிறார். நீ இருக்கிற சுவிட்சர்லாந்தில் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியது 1874-ஆம் வருஷத்து அரசியல் சட்டம். பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்ததோ 1971-ல். நடுவே 1959-ல் ஒரு வாக்கெடுப்பு நடந்து, அதில் ஆண்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் உள்ளூர் விஷயங்களுக்குப் பெண்கள் ஓட்டுப் போட 1990-ல் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதாவது, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன பெண்கள் அங்கே ஓட்டில்லாமல் இருந்தார்கள். இதைச் சொல்லி யாரையும் மட்டம் தட்டாதே. படிப்பும் ஓட்டும் எந்த நாட்டிலும் கைகோத்துக்கொண்டு வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் வரிசை தலைகீழ். 1951 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அந்த நிலையிலேயே 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதிவைத்துவிட்டார்கள். சொத்துக் கணக்கு, படிப்புக் கணக்கு, ஆண் பெண் கணக்கு எதுவும் கிடையாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் 17 கோடிப் பேருக்கு மேல் பெயர் எழுதிப் பட்டியல் தயாரித்தார். வடக்கே பல பெண்கள் வீட்டு வாசலில் நின்று தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிப் பெயரில்லாமல் சேர முடியாது என்று ஏறக்குறைய 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார் சென். கடுமையான முடிவுதான். ஆனால் ஒரு பெண்ணைச் சொந்தப் பெயரோடு நாட்டின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இருக்கிறது, எனக்கு அது பெரிய விஷயம். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். சீட்டைப் பிடித்த சின்னத்தின் பெட்டிக்குள் போட்டால் போதும்.

என் அப்பத்தா, உனக்குப் பூட்டி, அப்படித்தான் 1952-ல் ஓட்டுப் போட்டார். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்தக் கட்சிக்காரர் நம் தெருவுக்குள் வந்து உட்கார்ந்து பேசினார், யார் ஊர்ச் சாவடியோடு திரும்பிப் போனார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைப் போன்றவர்கள் போட்ட ஓட்டில்தான், சுதந்திரம் வாங்கித் தந்த காங்கிரசுக்கே சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் 152 மட்டும் கிடைத்தது. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். எதைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டவருக்கு இதைச் சொல்.

அப்புறம் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1953-ல் ராஜாஜி அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அப்பன் தொழிலே பிள்ளைக்கும் என்று ஆகிவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். பள்ளிக்கூடமே போகாத அப்பாக்களும் அம்மாக்களும் அந்த வாதத்தைப் புரிந்துகொண்டார்கள். மாகாணம் முழுக்கக் கிளர்ச்சி. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்கள் திறந்தன, 1956-ல் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. நடுவில் பஸ் பாஸ், சீருடை, சைக்கிள், லேப்டாப். ஓட்டுக்காகச் செய்தார்கள் என்று சிலர் குறைவாகப் பேசுவார்கள். ஓட்டுக்காகத்தான் செய்தார்கள், அதுதானே வேண்டும்! ஓட்டில்லாத ஏழையின் பிள்ளைக்கு எந்த அரசு சோறு போட்டுப் பாடம் சொல்லித் தரும்? 2011-ல் நம் மாநிலத்தில் எழுத்தறிவு நூற்றுக்கு 80-ஐத் தொட்டது. 2021-22 கணக்கில் கல்லூரி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 47 பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள், நாட்டின் சராசரி 28. நீ சூரிச்சில் உட்கார்ந்திருப்பதற்கும், கைநாட்டு வைத்த உன் பூட்டியின் ஓட்டுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

1967 தேர்தலுக்கு முன்னால் லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் டெல்லி நிருபர் நெவில் மாக்ஸ்வெல், இந்திய ஜனநாயகம் உடைந்துகொண்டிருக்கிறது, இந்த நான்காவது பொதுத்தேர்தல்தான் நிச்சயமாகக் கடைசி என்று எழுதினார். அந்த மனிதர் நாட்டைச் சுற்றிப் பார்க்காதவர் இல்லை. பஞ்சம், போர், ரூபாய் மதிப்புச் சரிவு எல்லாம் கண்ணெதிரே இருந்தன. அதே தேர்தலில் நம் மாநிலத்தில் என்ன நடந்தது? இருபது வருஷம் ஆண்ட கட்சி போய் திமுக வந்தது, ஆட்சி அமைதியாகக் கை மாறியது. பள்ளிக்கூடம் திறந்த காமராஜரே சொந்த ஊரான விருதுநகரில் சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். காமராஜருக்காக எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படும், அது வேறு. ஆனால் வெளியிலிருந்து வந்தவர் சாவை எழுதிய வருஷத்தில், அந்த ஜனநாயகத்துக்கு உயிர் எங்கே இருந்தது என்பதை ஜனங்கள் காட்டினார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தபோதும் எல்லாம் முடிந்தது என்றார்கள். 1977-ல் நம் மாநிலம் காங்கிரஸ் அணிக்குத்தான் போட்டது, உண்மையை மறைக்கக் கூடாது. ஆனால் வடக்கே, கட்டாயக் கருத்தடையில் அடிபட்ட கிராமத்து ஜனங்கள் இந்திரா காந்தியை ரேபரேலியிலேயே தோற்கடித்தார்கள்.

சரி, இதையெல்லாம் சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நம்மைப் புகழ்கிற வெளிநாட்டுக்காரர்களும் பாதிதான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் பத்திரிகைகளில் குஜராத்தின் கிர் காட்டில் ஒரே ஒரு வாக்காளருக்காக வைத்த பூத்தின் படம் வரும், யானை மேல் ஏற்றிப் போகும் இயந்திரத்தின் படம் வரும். 2024-ல் 64 கோடிப் பேர் ஓட்டுப் போட்டதைத் திருவிழா என்று எழுதுவார்கள். உண்மைதான், எனக்கும் பெருமைதான். வேலையில் இருந்தவரை தேர்தல் டியூட்டிக்குப் போனவள் நான். முந்தின நாள் ராத்திரி ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, விடியற்காலையில் ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு, சீல் வைத்துத் தொடங்குவோம். சாயங்காலம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஏஜெண்டுகள் கையில் கொடுத்த பிறகுதான் மூச்சு வரும். இத்தனை பெரிய தேர்தலை நடத்துகிறவர்களில் பெரும்பகுதி எங்களைப் போன்ற வாத்தியார்களும் டீச்சர்களும்தான் என்பதை உன் நண்பர்களிடம் கட்டாயம் சொல்.

ஆனால் அந்தப் படங்களில் வராததையும் சொல். பணப் பட்டுவாடாவால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் தள்ளிப்போயின. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ரத்து செய்தார்கள், 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியிலேயே ரத்து செய்தார்கள். அதைவிடக் கொடுமை நம் மதுரைப் பக்கம் நடந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதால், 1996-லிருந்து 2006 வரை அங்கே ஒழுங்காக ஒரு தேர்தலை நடத்தி, ஜெயித்தவரை நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை. மேலவளவில் ஜெயித்து வந்த தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997-ல் வெட்டிக் கொன்றார்கள். நாட்டுக்கே மார்க் போடுகிற எந்த வெளிநாட்டு அட்டவணையிலும் ஒரு ஊராட்சி அலுவலகத்தின் நாற்காலி தெரியாது. எனக்கு ஜனநாயகத்தின் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

அட்டவணை என்றதும் ஞாபகம் வருகிறது. 2021-ல் அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் நம் நாட்டை "சுதந்திரம்" என்ற வரிசையிலிருந்து "ஓரளவு சுதந்திரம்" என்ற வரிசைக்கு இறக்கியது. ஸ்வீடனில் இருக்கும் வி-டெம் நிறுவனம் "தேர்தல் வழி எதேச்சாதிகாரம்" என்றே எழுதியது. இவர்கள் யார் நமக்கு மார்க் போட என்று அப்பாவின் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. அந்தப் பெயர் எனக்கும் உறுத்தியது, ஆட்சியைத் தோற்கடிக்க முடிகிற நாட்டுக்கு அது பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் காரணமாகச் சொன்ன பத்திரிகையாளர் கைது, உபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், எதிர்த்துப் பேசுகிறவர்கள் மேல் வழக்கு எல்லாம் நம் பத்திரிகைகளும் நம் வக்கீல்களும் தினமும் சொல்வதுதான். வெளியாள் சொன்னான் என்பதற்காக உள்ளதை இல்லை என்று நீ சாதிக்க வேண்டாம்.

இப்போது அந்தக் கணக்குப் புலி விஷயம். இதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக உலக அளவில் பீசா என்று ஒரு தேர்வு நடக்கிறது. 2009 சுற்றில் நம் நாட்டிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் இரண்டுமே கடைசி சில இடங்களில். கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொன்னார்கள், அடுத்த சுற்றுக்கு நாடே போகவில்லை. கூகுளை நடத்துகிறவரும் நம் ஊர்தான், அந்தப் பிள்ளைகளும் நம் ஊர்தான். வெளியில் இருப்பவர்களுக்கு முதல் ஆள் மட்டும் தெரிகிறார்.

இமாச்சலமும் நாமும் பள்ளிக் கல்வியில் முன்னால் நின்ற மாநிலங்கள், அதையும் சேர்த்து யோசித்துப் பார். என் வகுப்பறையை வைத்துச் சொல்கிறேன். பாடத்தில் இருப்பதைக் கேட்டால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்து, இதில் இவர் சொல்வது சரியா, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்கள். அது பிள்ளைகள் குற்றமில்லை, அந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டுப் பழக்கவில்லை. நம்மவர்களே நடத்தும் ஏசர் ஆய்வில் 2005-லிருந்து கிராமத்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்க வைக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் திணறுகிறார்கள் என்றே திரும்பத் திரும்ப வருகிறது.

ஓட்டு ஏன் இதைச் சரிசெய்யவில்லை என்று நீ கேட்பாய். நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன். பள்ளிக் கட்டடம் இல்லை, சத்துணவில் முட்டை வரவில்லை, சைக்கிள் தரவில்லை என்றால் எந்த அம்மாவுக்கும் தெரியும். கேட்பார், கோபத்தை ஓட்டில் காட்டுவார். தன் பிள்ளைக்குத் தானாக வாசிக்க வருகிறதா, வாசித்ததை யோசிக்க வருகிறதா என்று, தானே படிக்காத அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ரேங்க் கார்டில் எண்பது மார்க் இருக்கிறதே. தெரியாத குறைக்கு ஓட்டுக் கேட்க எந்தக் கட்சியும் வராது. அதனால்தான் நாம் மறுபடியும் பீசாவுக்குப் போக வேண்டும் என்கிறேன். கடைசி இடம் வந்தால் வரட்டும். முடிவை ஒவ்வொரு கிராமசபையிலும் வாசிக்கட்டும். தெரிந்துவிட்டால் நம் ஜனங்கள் விடமாட்டார்கள், 1953-லேயே பார்த்துவிட்டோமே.

ஆகவே உன் நண்பர் மறுபடி கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து வராதே. படிக்காதவர்கள் ஓட்டுப் போட்டதால்தான் நான் படித்தேன் என்று சொல். அப்புறம் மேலவளவையும் சொல், பீசாவையும் சொல். அவருடைய பாட்டி எந்த வருஷம் முதல் ஓட்டுப் போட்டார் என்றும் கேட்டு எனக்கு எழுது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. உன் பாஸ்போர்ட் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், அதனால் நீ வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம். படிவம் 6ஏ, ஆன்லைனிலேயே நிரப்பலாம். பாஸ்போர்ட்டில் இருக்கிற நம் வீட்டு முகவரிக்கு எந்த பூத்தோ அங்கேதான் பெயர் வரும், நேரில் வந்துதான் போட முடியும். லீவு கணக்குப் பார்த்து வை. பாஸ்போர்ட் பக்கங்களையும் விசாவையும் ஸ்கேன் பண்ணி அப்பாவுக்கு அனுப்பு, ஒரு பிரதி இங்கேயும் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா