கொலம்பஸ் கன்சல்டன்சி அண்ணன்களே, எங்கள் லெவலைச் சரியாகப் போடுங்கள்

ஒஹாயோவின் கொலம்பஸ் வட்டாரத்தில் ஐ.டி. கன்சல்டன்சி நடத்தும் தமிழ் முதலாளிகளுக்கு,

வணக்கம். பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னியுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருக்கிறவன் ஏன் பெயர் போடமாட்டான் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களில் ஒருவர்தான் என் முதலாளி. சேர்ந்த அன்றே "சார்லாம் வேண்டாம்ப்பா, அண்ணான்னே கூப்பிடு" என்றவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் பொலாரிஸ் பக்கம் கிளையண்ட் ஆபீஸின் பிரேக் ரூமில், எலுமிச்சை சாதத்தை மைக்ரோவேவில் வைத்துவிட்டு நின்றேன். பக்கத்துச் சுவரில் நீங்கள் ஒட்டச் சொல்லி அனுப்பிய எல்.சி.ஏ. நகல், அதாவது எச்-1பி ஆளுக்கு என்ன வேலை, எந்தச் சம்பளப் படி (லெவல்) என்று முதலாளி தொழிலாளர் துறைக்குக் கொடுக்கும் தாள். ஒரு மூலையில் செலோடேப் பிரிந்து தொங்கியது. கீழே யாருடைய குழம்போ தெறித்த மஞ்சள் கறை. சட்டம் இரண்டு இடங்களில் பத்து நாள் ஒட்டச் சொல்கிறது, ஒட்டுகிறோம், யாரும் படிப்பதில்லை. அன்று படித்தது, போன வருடம் நம் கம்பெனியில் சேர்ந்த தம்பி. நான் வேலை சொல்லிக்கொடுத்த பையன். "அண்ணா, இது என்னோட பேப்பர் போல. லெவல் 2, சம்பளமும் கிட்டத்தட்ட என்னோடதுதான்" என்றான். தாளில் ஆள் பெயர் இருக்காதே. தொடங்கும் தேதியைப் பார்த்தேன். அது என் விசா எக்ஸ்டென்ஷனுக்குப் போட்டது.

பதினோரு வருடமாக ஜாவா எழுதுகிறேன். எட்டுப் பேருக்கு லீட். ராத்திரி இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் விழுந்தால் கிளையண்ட் மேனேஜரின் போன் என் தலைமாட்டில்தான் அடிக்கும். "இருக்கும்டா, உன்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாதம் நடுவில் சில்லென்றே இருந்தது.

லெவல் கணக்கு உங்களுக்குத் தெரியாததில்லை. இந்த வட்டாரத்தில் இதே வேலை பார்க்கும் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், லெவல் 1 அடியிலிருந்து ஏறத்தாழ பதினேழாவது ஆள். லெவல் 2 முப்பத்துநான்காவது, லெவல் 3 ஐம்பதாவது, லெவல் 4 அறுபத்தேழாவது. உச்சப் படியே அறுபத்தேழில் நின்றுவிடுகிறது. அதில் பாதி உயரத்தில் என்னை உட்காரவைத்திருக்கிறீர்கள்.

கேட்டால் வக்கீல் பேச்சு வரும்: "ஆளோட அனுபவத்தைப் பார்க்கமாட்டாங்க, வேலைக்கு என்ன தேவையோ அதைத்தான் பார்ப்பாங்க." சரி அண்ணா, அதையே பாருங்கள். எட்டுப் பேரை நடத்துவது வேலைக்குத் தேவையில்லையா? கிளையண்டுக்கு என் ரெஸ்யூமேயை அனுப்பும்போது நான் 'சீனியர் டெக் லீட்'. தொழிலாளர் துறைக்குத் தாள் போகும்போது மட்டும் யாரோ மேற்பார்க்க வேண்டிய பிள்ளையாகிவிடுகிறேனே, எப்படி? பார்க்கிற வேலைக்கு உரிய லெவலைப் போடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

அடுத்தது, "கொலம்பஸ் என்ன கலிஃபோர்னியாவா? இங்கே செலவே இல்லையே!" ஊர் மலிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த லெவல் சம்பளமே ஊருக்கு ஊர் தனியாகக் கணக்கிட்டது. ஊர் மலிவு என்று அரசாங்கம் ஒருமுறை கழித்துவிட்டது. லெவலை இறக்கி நீங்கள் இன்னொருமுறை கழிக்கிறீர்கள். ஒரே முடிக்கு இரண்டு மொட்டை!

மலிவு என்கிறீர்களே, கலிஃபோர்னியாக்காரன் நகராட்சிக்கு வருமான வரி கட்டுவதில்லை. கொலம்பஸ் என் சம்பளத்தில் 2.5 சதவீதத்தைத் தனியே எடுத்துக்கொள்கிறது. இந்த ஊரை விட்டு ரயில் போய் ஆண்டுக்கணக்காகிறது. கடைசி ஆம்டிராக் 1979-இல். வீட்டுக்கு இரண்டு கார் இல்லாமல் பால் வாங்கக்கூட முடியாது. 2022-இல் இன்டெல் ஆலை வரப்போகிறது என்று அறிவித்தார்கள். ஆலை தள்ளிக்கொண்டே போகிறது, வாடகை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

2025 செப்டம்பரில் எச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்த இரவு நினைவிருக்கிறதா? "யாரும் ஊருக்குப் போகாதீங்க, நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள். நெஞ்சு நிறைந்தது, உண்மையாகவே. உள்ளே இருப்பவர்களின் எக்ஸ்டென்ஷனுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று மறுநாளே தெளிவானது. ஆனால் இரண்டு மாதம் கழித்து சம்பள ஹைக் பேச வந்தவனிடம் அதே ஒரு லட்சத்தைக் காட்டித்தான் "இந்த வருஷம் கஷ்டம்ப்பா" என்றீர்கள். குடும்பம் என்றால் கஷ்டத்தில் பங்கு உண்டு, சரி. எங்கள் வேலைக்குக் கிளையண்டிடம் நீங்கள் வாங்கும் பில் ரேட்டில்?

பொங்கல் விழா மேடையில் உங்கள் பேனர், உங்கள் பொன்னாடை, உழைப்பின் பெருமை பற்றி உங்கள் இருபது நிமிடப் பேச்சு. கீழே முதல் வரிசையில் நாற்காலி போட்டதும் நாங்கள், கைதட்டியதும் நாங்கள். எச்-1பி ஆட்களை அதிகம் வைத்திருக்கும் கம்பெனி அந்தச் சம்பளம் கொடுத்தால் கூடுதல் விதிகளிலிருந்து தப்பலாம் என்று 1998-இல் அமெரிக்க காங்கிரஸ் எழுதிவைத்த அறுபதாயிரம் டாலர் வரம்பை இன்னும் மாற்றவில்லை என்று வாஷிங்டனைத் திட்டவும் ஆசைதான். ஆனால் என் தாளில் 2 என்று எழுதியது வாஷிங்டன் இல்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். தவறு எல்லோர் மேலும் இல்லை. சரியான லெவல் போடும் முதலாளிகளும் இதே ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் போனவர்கள் எனக்குத் தெரியும். எனக்கும் போகத் தெரியும். ஆனால் கிரீன் கார்டு வேலையைப் புது இடத்தில் பெர்ம் என்கிற முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அந்தக் கணக்கை நீங்கள் என்னைவிட நன்றாகப் போட்டுவைத்திருக்கிறீர்கள் என்பதுதான் வருத்தம்.

பணிவாக மறுபடியும் கேட்கிறேன். அடுத்த முறை எங்கள் யாருக்காவது எல்.சி.ஏ. போடும்போது, வக்கீலுக்கு அனுப்புமுன் அந்த ஆளைக் கூப்பிட்டு "உண்மையில் என்ன வேலை பார்க்கிறே?" என்று பத்து நிமிடம் கேளுங்கள். அந்த வேலைக்கு உரிய லெவலை எழுதுங்கள். என் பெட்டிஷன் இன்னும் போகவில்லை, புதிய எல்.சி.ஏ. போட நேரம் இருக்கிறது. திருத்திய தாளைப் பிரேக் ரூமில் நானே ஒட்டிவிடுகிறேன், இந்த முறை மைக்ரோவேவிலிருந்து கொஞ்சம் தள்ளி.

இப்படிக்கு,
பொலாரிஸில் வேலை பார்க்கும் ஒரு லெவல் 2