ஆண்டறிக்கை 2024-25: குடியம் மலை நடையும் நிலுவைச் சந்தாவும்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் பிறகு வாட்ஸ்அப்பில் படிக்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சுதந்திர தினக் கொடியேற்றம் நடந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் தெருவில் தண்ணீர் நின்றபோது பாலும் பிரெட்டும் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கல் கோலப்போட்டியும் நடந்தது, தீர்ப்பைப் பற்றிய புகாரும் வழக்கம்போல வந்தது.

அப்புறம், மாசிக் கடைசியில் குடியம் குகையைப் பார்க்கப் போன மலை நடை. சங்கக் காசில் உல்லாசப் பயணம் என்று டீக்கடையில் பேச்சு ஓடுவதால் இதை விரிவாகவே எழுதுகிறேன். பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம், தண்டையார்பேட்டையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களை நம்பி இரண்டு வேன் பிடித்தோம். விடியற்காலை அகஸ்தியா தியேட்டர் இருந்த இடத்தில் வந்து நின்றவர்கள் ஒரு வேனுக்குக் கூடக் காணாது. போன் போட்டால் ஒருவருக்கு மச்சான் வீட்டு விசேஷம், ஒருவருக்குக் கால்வலி, பாதிப் பேர் எடுக்கவே இல்லை. வராத வேனுக்கும் வாடகை கொடுத்தாக வேண்டியிருந்தது.

வராதவர்கள் எதை விட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடியம் ஊரைத் தாண்டினால் காப்புக்காடு, பாதை முழுக்கக் கூழாங்கல், செருப்போடு வந்தவர்கள் திணறினார்கள். களாச்செடி முள்ளுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்து வாசம் வந்துகொண்டே இருந்தது, வெட்பாலையும் பூத்திருந்தது, கொன்றை மட்டும் அங்கங்கே ஒரு சரம் இரண்டு சரம். மயில் குரல் கேட்டது. ஒரு கீரி குறுக்கே ஓடியது, உடும்பு ஒன்று பாறையில் அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. குகை என்கிறோமே தவிர, அது கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாறை, கூழாங்கற்களே ஒட்டி இறுகிப் பாறையானது. மேலே மலைத்தேனீ அடைகள். சென்ட் போடாதீர்கள், சத்தம் கூடாது, பீடி கூடவே கூடாது என்று முன்பே அறிவித்திருந்தும் சென்ட் மணக்க வந்த உறுப்பினரைக் கீழேயே உட்காரவைத்தேன். அவருக்கு இன்னும் கோபம். ஒரு கொட்டு வாங்கியிருந்தால் புரிந்திருக்கும்.

1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு இந்தப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்தவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் ஆய்வு வெளியானது. இதையெல்லாம் அங்கே நின்று சொன்னபோது பிள்ளைகள் கூழாங்கல்லை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள், எதையும் எடுத்து வரக்கூடாது என்று பையைச் சோதித்துத்தான் வேனில் ஏற்றினேன். திரும்பும் வழியில் பூண்டி அணை. 1944-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டியது. மழைக்காலத்தில் அங்கே திறந்துவிடும் உபரி நீர்தான் மணலிப் பக்கம் பாய்ந்து எண்ணூரில் கடலில் சேர்கிறது. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பார்த்துப் பழகிய நமக்கு அதே ஆறு அங்கே எப்படி இருக்கிறது என்று காட்டியதை உல்லாசம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன, கையிருப்பு கொஞ்சம் உண்டு. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வேனுக்குத் துண்டு விழுந்ததை இப்போதைக்கு நான் போட்டிருக்கிறேன். ஆண்டுச் சந்தா 600 ரூபாய், மாதம் 50. இதில் இரண்டு வருட பாக்கி வைத்திருப்பவர்கள்தான் கணக்கு எங்கே என்று முதலில் கேட்கிறார்கள். பெயர் போடவில்லை, அவர்களுக்கே தெரியும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், புளிசாதம் கட்டிக் கொடுத்த மகளிர் அணிக்கும், வேன் ஓட்டுநருக்கும் நன்றி.

அடுத்த வருடம் ஜவ்வாது மலை என்று எண்ணம். வேறு யாராவது செயலாளராக வர விரும்பினால் ரசீதுப் புத்தகம், மினிட்ஸ் நோட்டு, பீரோ சாவி எல்லாம் தயாராக இருக்கின்றன, இன்றே வாங்கிக்கொள்ளலாம். நானே தொடரவேண்டும் என்றால் பாக்கி வசூலாகட்டும், பேசலாம். முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் வேனில் இடம். பொருளாளர் ஞாயிறு காலை படிப்பகத்தில் இருப்பார், ஜிபே பண்ணுகிறவர்கள் பெயரும் வீட்டு எண்ணும் போட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
செயலாளர்